ஆயிரம் ஈரோவுக்கு வரி கட்டிய மோதிரம்

எங்கள் மாண்டினீக்ரோ ஆண்கள் எதை விட்டாலும் கௌரவத்தை விடமாட்டார்கள். அஞ்சலகத்துச் சுங்க மேசையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பார்சல்களுக்கு வரி போடுகிறேனே, எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கௌரவம் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வரும். தனியாக வந்தால் புதுக் கைபேசியைப் பொம்மை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

ஒப்ராத்தும் தனியாகத்தான் வந்தான். சீனாவிலிருந்து அவன் வாங்கிய கல்யாண மோதிரம் வந்திருந்தது. கட்டிக்கப்போகிற யெலிட்சாவே இணையத்தில் தேடிப் பிடித்தது, பன்னிரண்டு ஈரோ. மிச்சம் பிடித்த காசில், அவன் அம்மாவோடு இருக்காமல், வாடகைக்குத் தனி வீடு. அந்த முன்பணம் இதோ சட்டைப் பையில், இங்கிருந்து நேராக வீட்டுக்காரரிடம் போகிறோம், அவள் வெளியே காரை நிறுத்துகிறாள் என்று எல்லாவற்றையும் சிரித்தபடி ஒப்பித்தான்.

வரி என்ன, ஒரு காபிக் காசு. அதைச் சொல்ல வாயெடுத்தேன், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் வுகாஷின். யெலிட்சாவைப் பெற்றவர், ஓய்வூதியம் வாங்க வந்திருந்தார். வந்ததும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, என் பொண்ணுக்கு மோதிரமா? எவ்ளோ ஆச்சு?"

ஒப்ராத்தின் காது சிவந்தது. "ஆயிரம் ஈரோ மாமா."

"தம்பி, இதுல பன்னெண்டுன்னுல்ல போட்டிருக்கு?" என்றேன்.

"அது தப்பு அக்கா. ஆயிரம். வரி போடுங்க!"

விலையைக் குறைத்துச் சொல்பவனைப் பிடிக்க எங்களிடம் ஆயிரம் விதி உண்டு. கூட்டிச் சொல்பவனைத் தடுக்க ஒன்றுகூட இல்லை. அரசாங்கம் அப்படி ஒருத்தனைக் கனவில்கூட எதிர்பார்க்கவில்லை, பாவம். சுங்கம் போட்டேன், அதன் தலையில் விற்பனை வரியும் போட்டேன். முன்பணம் மொத்தமும் என் மேசைக்கு வந்தது.

"ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்!" என்று வுகாஷின் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

அப்போதுதான் யெலிட்சா உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த நோட்டுகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அக்கா, இது திரும்பக் கிடைக்குமா?"

"இப்பவே கிடைக்கும்மா. வாங்கின ரசீதைக் காட்டச் சொல்லு, போதும்."

"போன்ல இருக்குல்ல? காட்டு, ஒப்ராத்."

"என்ன ரசீது? எதுக்கு ரசீது?" என்று வுகாஷின் குனிந்தார்.

ஒப்ராத் கைபேசியை எடுத்தான். காட்டித் தொலையேன்டா என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவன் மாமனார் முகத்தைப் பார்த்தான். கைபேசியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ரசீது இல்ல. விலை ஆயிரம்தான்."

யெலிட்சா மோதிரப் பெட்டியை மூடி அவன் கையில் வைத்தாள்.

"உங்கிட்ட நான் மோதிரமா கேட்டேன்? ஒரு கதவு கேட்டேன். உங்கம்மா தட்டாம உள்ள வராத ஒரு கதவு. அதை இங்க குடுத்துட்டியே, நீயே உங்கம்மாகூட இரு."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"கோவத்துல பேசுறா, சரியாயிடுவா," என்றார் வுகாஷின். பிறகு அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் மோதிரத்தைக் காட்ட ஆரம்பித்தார்.