கேட்காமலே கேட்கும் அறை

இந்தக் காலத்து ஜனங்கள் எதையும் படிப்பதில்லை. செல்போன் என்ன கேட்டாலும் 'சரி, சரி' என்று கட்டைவிரலால் அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வாட்ச்மேன் கிழவருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான்; ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்காமல் எதற்கும் தலையாட்டியதில்லை.

அவர் காவல் காத்தது ஆளே உட்காராத கம்ப்யூட்டர்கள் இருந்த அறை. புதுச் செயலிகளை அவை தாமாகவே ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்லும். அறைக்குப் பொறுப்பு அவருடைய மருமகன். சோதனை இன்னொரு தடவை நின்றால் வேறு வேலை தேடிக்கொள் என்று மேனேஜர் அவனிடம் சொல்லியிருந்தார். மாமனாரை இங்கே சேர்த்துவிட்டவனும் அவன்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

அன்று காலை விளக்கைப் போட்டதும் எல்லாத் திரையிலும் ஒரே பெட்டி தெரிந்தது. தமிழில் சோதிக்கும் வாரம் அது. 'இந்தச் செயலி உங்கள் மைக்கைப் பயன்படுத்த விரும்புகிறது.'

உங்கள் என்றால்? அறையில் அவரைத் தவிர ஈ காக்கை இல்லை. மருமகனைப் பற்றி வாயில் வருவதையெல்லாம் அவர் தனியே கொட்டித் தீர்ப்பதும் இங்கேதான். பயல் ஒட்டுக்கேட்கப் பார்க்கிறான். ஒவ்வொரு திரையாகப் போய் 'அனுமதிக்க வேண்டாம்' என்று அமுக்கினார்.

மருமகன் வந்தபோது சோதனை முழுக்கத் தோற்றுத் திரைகளெல்லாம் சிவப்பாகக் கிடந்தன. முந்தின நாள் கம்ப்யூட்டர்களைப் புதுப்பித்ததில் பழைய அனுமதிகள் அழிந்திருந்தன. அதைப் பார்க்காமல் விட்டது அவன். வாய்விட்டுச் சொல்வானா?

"யாரைக் கேட்டு அமுக்கினீங்க மாமா?"

"அதுதான் என்னைக் கேட்டுச்சே. 'உங்கள்'னு மரியாதையா. நீங்க எதையாவது என்னைக் கேட்டுச் செஞ்சதுண்டா?"

"அது உங்களைக் கேக்கல. அங்க ஆளே கிடையாது."

"ஆளே இல்லாத இடத்துல யார்கிட்ட அனுமதி கேக்குது?"

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். மருமகன் யோசிக்கவே இல்லை. இவர்தான் கை வைத்தார் என்று காட்டினான். யார் இவர் என்று மேனேஜர் கேட்டார்.

"வாட்ச்மேன், சார்."

மேனேஜர் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மருமகன் ஏறிட்டும் பார்க்காமல் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்து அனுமதியைத் திறந்துவிட்டான்.

"சரி பண்ணிட்டேன் சார். இனிமே கேக்கவே கேக்காது."

"கேக்காமலே கேட்டுக்கும்னு சொல்லுங்க, மாப்ள" என்றார் கிழவர். 'மாப்ள'யை மட்டும் அழுத்திச் சொன்னார்.

மேனேஜர் நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

கிழவர் சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு நடந்தார். அப்படியானால் அது யாருடைய மைக் என்று எவனாவது சொன்னானா? படி இறங்கி முடிக்கும்வரை திட்டிக்கொண்டே போனார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.