அக்காவின் பழைய சுருதி

"என்ன, கொஞ்சம் பெரிய வயலினா?" என்று என் வயோலாவைப் பார்த்துக் கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷக்கணக்காக ஆர்க்கெஸ்ட்ராவின் நடு வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் மெட்டுக்கு ஒத்து ஊதியவள் நான். அன்று மாலைதான் என் முதல் தனிக் கச்சேரி.

எடுத்துக்கொண்டது ஒரு பழைய சொனாட்டா. காதலும் கண்ணீருமாக, வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதியது. என் வயோலாவின் தடித்த தந்திகளில் அது பேசட்டும் என்று முழுவதையும் ஐந்து சுரம் கீழே இறக்கி எழுதினேன். பியானோ, என் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து அவள் அதை அத்தானின் வயலினோடு வாசித்துப் பழகியவள்.

"ஏண்டி, இருக்கற சுருதியிலேயே வாசிச்சா என்ன கொறஞ்சா போயிடுவ?"

"கொறஞ்சுதான் போவேன். மேல ஏத்தினா இது வயலின் மாதிரி நடிக்கும். எனக்கு அது வேண்டாம்."

முணுமுணுத்துக்கொண்டேதான் பழகினாள். ஆனால் நன்றாகவே பழகினாள்.

மேடையில் முதல் சில அடிகள் பியானோவுக்கு மட்டும். அக்கா தாளை விரித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் சுரக்கட்டு விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பாவி! விரல்கள் தம் பாட்டுக்கு அத்தானின் சுருதிக்குப் போய்விட்டன.

சமாளித்திருக்கலாம். மெல்லிய தந்தியில் உச்சிக்கு ஏறி வயலின் போலவே வாசித்தால் ஒருவருக்கும் தெரியாது. அக்கா மானமும் போகாது. "வயோலாவும் பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். நினைக்கும்போதே கோபத்தில் காது சுட்டது, அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. வில்லைத் தாழ்த்தினேன்.

"அக்கா, நிறுத்து."

அரங்கத்தில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது அத்தானுக்கு வாசிக்கிறது. எனக்கு வாசி."

அக்கா தாளைப் பார்த்தாள். "ஐயோ" என்று வாயில் கை வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். போயிருந்தாலும் அவளைக் குறை சொல்ல முடியாது.

அவள் உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"திமிர் பிடிச்சவளே," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "சரி, வா."

என் சுருதியில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவளுடைய அடிகள் முடிந்ததும் வில்லைத் தடித்த தந்தியில் வைத்தேன். வாசித்தேன்.