நாற்பத்தேழாம் எண் டப்பா

லேபிளைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும், டப்பாவைக் கவிழ்த்து அடியில் தன் எண்ணை முத்திரை குத்த வேண்டும், அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். அவள் வேலை அவ்வளவுதான். சத்துப் பொடியை நிரப்புவதும் மூடியைத் திருகுவதும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அவள் எண் நாற்பத்தேழு. லேபிள் கோணலாகப் போனால் ஆளைக் கண்டுபிடித்துத் திட்டுவதற்காக வைத்த எண் அது. நேராக ஒட்டியவளைப் பாராட்ட யாரும் அந்த எண்ணைத் தேடிக்கொண்டு வந்ததில்லை.

பதினோரு வருஷமாக நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலமானால் இரண்டு பாதமும் வீங்கிப்போய், செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். ஊருக்கெல்லாம் தெம்பைப் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பிவிட்டு, சொந்த வீட்டு மாடிப்படி ஏற அவளுக்குத் தெம்பு இருக்காது.

அங்கே தயாராவது மூன்று வகை. பச்சை மூடி போட்டது ‘தினசரித் தெம்பு’. கறுப்பு மூடி ‘ஆண்களுக்கான ஆற்றல்’. தங்க நிற மூடி ‘பெண்களின் முழு நலம்’; அதன் லேபிளில் ‘ஹார்மோன் சமநிலைக்கு’ என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். கறுப்பு, பச்சையைவிட இரண்டு மடங்கு விலை. தங்க மூடியின் விலையைக் கேட்டால் கேட்டவருக்குத்தான் தெம்பு வேண்டியிருக்கும். மூன்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே பொடி. இது அந்தக் கூடத்தில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து அவள் வாயைப் பிளந்தாள். பிறகு வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அக்காவிடம்கூட இதைச் சொன்னதில்லை. மற்றதையெல்லாம் சொல்லுவாள். அக்கா இருப்பது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், போனில்தான் பேச்சு. பேச்சு என்ன பேச்சு, இவள் புலம்புவாள், அக்கா கேட்பாள். “சரக்கு நகரவே மாட்டேங்குதுக்கா. ஆளைக் குறைக்கப் போறாங்களாம். யார் தலை உருளப்போகுதோ தெரியலே.” அக்கா “ம்” என்பாள். புலம்பி முடித்தால் இவளுக்கு மனசு லேசாகிவிடும். இறக்கி வைத்த பாரம் எங்கே போய் உட்காருகிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

நாலு மாதம் நேரில் பார்க்காமல் இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. வெயில் கொளுத்துகிற நேரத்தில் அக்கா ஸ்வெட்டர் போட்டிருந்தாள். குரல் கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“என்னக்கா இது, ஆளே மாறிப் போயிருக்கே?”

“வயசாகுது இல்லையா? நீ உக்காரு. டீ போடறேன்.”

“நீ உக்காரு. நான் போடறேன்.”

சர்க்கரை எடுக்க அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் வரிசையாக ஏழு தங்க மூடிகள் பளபளத்தன. ஒன்று பிரித்தது, மற்ற ஆறும் பிரிக்காதது. கை தன்னாலேயே ஒன்றைக் கவிழ்த்தது. நாற்பத்தேழு. இன்னொன்று. நாற்பத்தேழு. ஏழுமே அவள் குத்தியது.

“அக்கா, இதெல்லாம் என்ன?”

அக்காவுக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தன. “ஒவ்வொண்ணா கவுத்துப் பாத்துத்தான் எடுப்பேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாப் பாக்கறார். பாத்தா பாத்துட்டுப் போறார்.”

“எதுக்குக் கவுத்துப் பாக்கறே?”

“உன் நம்பரா இருக்கணுமே. மத்தவ நம்பரை வாங்கினா உனக்கு என்ன லாபம்?”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அணைத்துவிட்டு வந்து அக்காவின் எதிரில் உட்கார்ந்தாள். கேட்கக் கேட்கத்தான் விஷயம் புரிந்தது. அக்கா சலவைக் கடையின் மூலையில் தையல் மெஷின் போட்டு, கிழிந்ததைத் தைத்து, ஜிப் மாற்றிக் கொடுப்பவள். அங்கே ஒவ்வொரு துணியிலும் அவள் எண் போட்ட துண்டுச்சீட்டைக் குத்திவைப்பார்கள். துணிக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனால்தான் அந்தச் சீட்டுக்குக் கூலி. வாங்க வராத துணிக்கு ஒன்றும் கிடையாது. தங்கைக்கும் அதே கணக்குத்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

“பின்னே எதுக்கு நம்பர் போடறாங்க? யாரோடது விக்குதுன்னு பாக்கத்தானே? உன்னோடது விக்காம தேங்கி நின்னா உன்னைத்தானே முதல்ல அனுப்புவாங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, “மாத்திரை போடறியா?” என்று கேட்டாள். அக்காவுக்குத் தைராய்டு. ஆறு வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.

அக்கா ஸ்வெட்டர் நுனியைத் திருகினாள். “டாக்டர் எழுதின சீட்டு முடிஞ்சுபோச்சு. ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான் புதுசா எழுதித் தருவேன்னாங்க. அந்தச் செலவும் இந்த டப்பாவும் சேந்தாக் கை தாங்கலே. அதான் டப்பாலேயே போட்டிருக்கே, ஹார்மோனுக்குன்னு. தினம் ரெண்டு கரண்டி கலக்கிக் குடிக்கிறேன்.”

“எத்தனை மாசமா?”

“நாலு இருக்கும்.”

“லேபிள்ல ஆயிரம் போடுவாங்க. நம்பிடறதா?”

“நீ ஒட்டினதுதானேடி,” என்றாள் அக்கா.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. மூன்று மூடி, ஒரு தொட்டி என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பதினோரு வருஷமாக அடக்கிவைத்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோனது. அக்கா கண் கொட்டாமல் கேட்டுவிட்டு, “அப்ப பச்சையையே வாங்கியிருக்கலாமே,” என்றாள்.

“எதையுமே வாங்கியிருக்க வேண்டாம்!” என்று கத்தினாள் தங்கை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. குரலைத் தணித்துக்கொண்டாள். “எனக்கு மாசச் சம்பளம்க்கா. என் நம்பர் வித்தாலும் அதேதான், விக்காட்டியும் அதேதான்.”

“ஆளைக் குறைக்கிறாங்கன்னு சொன்னியே?”

“அலுப்புல ஏதாவது உளறுவேன். அதையெல்லாம் காதுல போட்டுக்கறதா? என் வேலைக்கு ஒண்ணும் ஆகாது.”

கூசாமல் சொன்னாள். அக்காவைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? வேலை ஆட்டம் கண்டிருக்கிறது என்று தெரிந்தால், பொடிக்குப் போன காசு தங்கைக்கு வரும். மாத்திரை அப்போதும் வாங்கப்படாது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு அக்காவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தார், பையிலிருந்து எடுத்துக் காட்டிய டப்பாவைப் பார்த்தார். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இதயத்துலயே கை வச்சிருக்கும்,” என்றார். “பணம் கொஞ்சமா இருந்தா மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் முதல்ல எடுத்து வைங்க. அப்புறம் நல்ல சாப்பாடு. அதுக்கும் மேல மிஞ்சினா என்ன பொடி வேணாலும் வாங்குங்க. யாருக்கும் மிஞ்சி நான் பாத்ததில்லே.”

மருந்துக்கடையில் ஒரு மாதத்து மாத்திரையைக் கட்டைவிரல் உயரப் புட்டியில் கொடுத்தார்கள். தங்க மூடியின் விலையில் அது போல ஒரு வருஷத்துக்கு வாங்கலாம். அக்கா புட்டியைக் கையில் வாங்கியதும் பழக்க தோஷத்தில் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை. திரும்புகிற வழியில், பிரிக்காத ஆறையும் பொடி விற்ற கடைக்காரரிடம் நீட்டினார்கள். வயிற்றுக்குள் போகிற சாமானைத் திரும்ப வாங்குவதில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. மேற்பார்வையாளருக்குக் கூடத்தில் ‘மூடி’ என்று பெயர்; சதா மூடி, மூடி என்று கத்துகிறவர். அன்றைக்கு அவர் கத்தவில்லை. ஒன்பது எண்களை மெதுவாக வாசித்தார். ஆறாவது நாற்பத்தேழு. திங்கட்கிழமை அரை நாளையும் கணக்கில் சேர்த்தார்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

தொப்பி, அங்கி, முத்திரை எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தாள்.

“சார், இந்த நம்பரை என்ன செய்வீங்க?”

“ஆள் போனா நம்பரும் போச்சு. டிராயர்ல கிடக்கும். ஏன்?”

“இருக்கிறவங்க யாருக்காவது குடுத்துடுங்க சார்.”

“என்னம்மா இது, வேண்டுதலா?”

“கேட்டதே இல்லே உங்ககிட்ட. இது ஒண்ணு செய்யுங்க.”

மூடி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஐந்து வாரமும் அவள் வேலை தேடி அலைந்ததில் கதவுகள் மூடியதுதான் மிச்சம். ஒரே ஒரு அதிசயம்: நாளெல்லாம் நிற்காததால் பாத வீக்கம் வற்றிவிட்டது. எந்தப் பொடியும் செய்யாத வேலையை வேலை போனது செய்துவிட்டது. இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்றால், சொல்வதற்கு இருந்த ஒரே ஆளிடம் சொல்ல முடியாது.

அன்றைக்கு மத்தியானம் அவள் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில், மடியில் விண்ணப்பத் தாள்களோடு உட்கார்ந்திருந்தபோது அக்கா போன் செய்தாள். குரலில் கரகரப்பு போயிருந்தது.

“சாப்பாட்டு நேரமா உங்க கம்பெனில?”

“ஆமாக்கா. மாத்திரை போட்டியா?”

“விடியறப்பவே போட்டாச்சு. ஸ்வெட்டரை மடிச்சு உள்ள வச்சுட்டேன். இந்த மாசம் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்காங்க, போறேன்.” கொஞ்சம் தயங்கினாள். “திட்டாதே. காலையில கடைக்குள்ள போனேன்.”

அவள் தாள்களை இறுகப் பிடித்தாள். “போய்?”

“வாங்கலேடி. புதுசா சரக்கு வந்து இறங்கியிருந்துச்சு, தேதி எல்லாம் இந்த வாரத்துது. சும்மா ஒண்ணைக் கவுத்துப் பாத்தேன். உன் நம்பர்தான்.” அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். “லேபிள்தான் லேசாக் கோணலா இருந்துச்சு. பாத்து ஒட்டு.”

“சரிக்கா,” என்றாள் அவள். “பாத்து ஒட்டறேன்.”