கதையக்காவின் கடைசிப் பக்கம்

நாட்டு மக்கள் அனைவருக்கும், குறிப்பாகப் பெண்குலத்துக்கு, மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்வது: பெண்விடுதலைக்காக எடுத்த பேனாவை இன்றுவரை கீழே வைக்காத நாவலாசிரியர், ஆண்மகனாயிருந்தும் 'மாதர்குலச் சுடர்' என்ற பட்டத்துக்கு உரியவர், ஓர் எளிய தொழிலாளியின் மரணத்துக்கு இரங்கல் தெரிவிக்க, மூன்று மாடிகளைக் காலால் ஏறி எழுந்தருளினார். ஏறி முடித்ததும் ஒரு நாற்காலி கேட்டார்.

இறந்தவளின் மகள் அப்போது சவப்பெட்டிக்குள் குனிந்து, அம்மாவின் தோளில் மடங்கிக் கிடந்த துணியை நீவிக்கொண்டிருந்தாள். நாற்காலி எதுவும் காலியில்லை. சட்டைத் தொழிற்சாலையில் அம்மாவோடு வேலை பார்த்த பெண்கள் எல்லாவற்றிலும் அமர்ந்திருந்தார்கள். எழுந்திருக்கும் உத்தேசம் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. மகளே போய்ச் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சுடர் முக்காலியில் அமர்ந்தது. கையோடு கூட்டி வந்திருந்த புகைப்படக்காரர் சுவரோரம் நின்றுகொண்டார்.

மகள் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள். சுடரின் நாவல்களைத்தான் ஆராய்ந்து பட்டம் வாங்கினாள். அவருடைய பதினோரு நாவல்களில் ஒன்பது நாயகிகள் சாகிறார்கள், மிச்ச இரண்டு பேருக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்பதுதான் அந்த ஆராய்ச்சியின் சாரம். சுடர் அதைப் படிக்கவில்லை. தன்னைப் பற்றி முந்நூறு பக்கம் என்றால் பாராட்டாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அன்றுமுதல் அவளிடம் வாஞ்சையாக இருந்தார்.

"உங்க அம்மா என் வாசகியாமே! நீ சொல்லவே இல்லையே?" என்றார்.

சொல்லிக்கொள்ளும்படியான விஷயமாக மகளுக்கு அது தோன்றியதில்லை. தொழிற்சாலையில் பட்டன் தைக்கிற பிரிவில் இயந்திரச் சத்தம் கிடையாது, எல்லாம் கைவேலை. அதனால் அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருத்தி கதை படிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை மற்றவர்கள் பிரித்துத் தைத்துக் கொடுப்பார்கள். இருபது வருஷமாகப் படித்தவள் அம்மா. அங்கே அவளுக்குப் பெயரே கதையக்கா. அவள் படித்ததும் பெரும்பாலும் இந்தச் சுடரைத்தான்.

"ஏம்மா, வீட்டுல அழுறது போதாதுன்னு அங்கயும் வந்து அழணுமா அவங்க?" என்று மகள் ஒருமுறை கேட்டதுண்டு.

"அங்க யாரும் அழுறதில்லையே," என்று சொல்லிவிட்டு, அம்மா ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

நூல்பிசிறு வெட்டுகிற பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். தொழிற்சாலையில் அவளைக் கத்தரி என்பார்கள். கையிலிருந்த கருவியை வைத்து வந்த பெயர்தான், நாக்குக்கும் பொருந்தும்.

"நீங்கதானாய்யா, அந்தா அலமாரில அட்டை கிழிஞ்சு கெடக்கே, அந்தக் கதை எழுதினவரு? அந்தப் பொண்ணாலதான்யா நான் இன்னிக்கு உசுரோட நிக்கறேன். வீட்டுச் சாவிய மேஜை மேல வச்சுட்டு, 'சோறு அடுப்புல இருக்கு, இறக்கி வச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டு வெளிய போனாளே! எங்க வீட்டாளு கைய ஓங்கின அன்னிக்கு நானும் அதே மாதிரி சாவிய வச்சேன். அதையேதான் சொன்னேன்."

மகள் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். அப்படி ஒரு காட்சி எந்த நாவலிலும் இல்லை. கத்தரி சொன்ன புத்தகத்தின் நாயகி கடைசிப் பக்கத்தில் கணவனின் செருப்பைத் துடைத்து வைத்துவிட்டு ஆற்றில் இறங்குகிறாள். முப்பது வரி. அதில் நிலவுக்கு மட்டும் பன்னிரண்டு.

சுடர் ஒரு விநாடி விழித்தார். பிறகு கண்ணை மூடித் தலையசைத்தார். "அந்தக் காட்சிய எழுதறப்ப மூணு நாள் நான் சாப்பிடலம்மா."

"ஐயோ பாவம், பக்கத்துல யாரும் சமைக்கலையாக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சுடர் அதைக் காதில் வாங்கவில்லை. மனசு நிறைந்துபோயிருந்தது. அலமாரியில் அட்டை கிழிந்திருந்த தன் நாவலைக் கண்டுகொண்டு எழுந்துபோய் எடுத்தார். "இந்த உத்தமிக்கு நான் செய்யற மரியாதை. கடைசிப் பக்கத்த நானே படிக்கறேன்!"

பெண்கள் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கத்தரி அழுவதற்குத் தயாராக இல்லை. கல்யாண வீட்டில் பாட்டுக்குக் காத்திருப்பவளைப்போல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அந்த முகத்துக்கு எதிரே சுடர் ஆற்றையும் நிலவையும் படிக்கப் போகிறார். மகள் கையை நீட்டினாள்.

"ஐயா, குடுங்க. நான் படிக்கறேன்."

சுடர் யோசித்தார். தாயின் உடலருகே மகள் தன் நாவலை வாசிப்பது படத்தில் நன்றாக வரும் என்று பட்டது. கொடுத்தார்.

மகள் பக்கத்தைத் திருப்பினாள். செருப்பு, ஆறு, நிலவு எல்லாம் அச்சு மாறாமல் அங்கேயே இருந்தன. அவள் வாயைத் திறந்தாள்.

"அவள்... சாவியை மேஜைமேல் வைத்தாள். சோறு அடுப்பில் இருக்கிறது, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்."

அவ்வளவுதான். நாயகியை ஆற்றில் தள்ளியதற்காக ஒருவரை முந்நூறு பக்கம் விசாரித்தவளுக்கு, அவளை வாசல் தாண்டவைக்க ஒரு வரி வரவில்லை. அறை காத்திருந்தது. புகைப்படக்காரர்கூடக் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெருவுல இறங்கினா," என்றாள், அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் காலமெல்லாம் பட்டன் தைத்த பட்டனக்கா. அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "புதுச் செருப்பு கடிச்சுது. கழட்டிக் கையில எடுத்துக்கிட்டா."

"பஸ்ஸுல கண்டக்டர் எங்க போகணும்னாரு. இது எதுவரைக்கும் போவுமோ அதுவரைக்கும்னா," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"ஆனா பாதியிலயே எறங்கிட்டா. 'ஆள் தேவை'ன்னு ஒரு போர்டு."

"தைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னு பொய் சொன்னா."

"அரை மணிக்குள்ள ஊசிய ஒடச்சா. பக்கத்துல இருந்தவ பேர்கூடக் கேக்காம இன்னொரு ஊசி குடுத்தா."

ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நாற்காலியிலிருந்து வந்தது. யாரும் முந்தவில்லை, யாரும் தன் இடத்தைத் தவறவிடவில்லை. பஸ்ஸைச் சொன்னவள் நிஜமாகவே பஸ்ஸில் வந்தவள், ஊசியைச் சொன்னவள் நிஜமாகவே உடைத்தவள் என்று மகளுக்கு மெல்ல விளங்கியது. வகுப்பறையில் 'பெரும் படைப்பு' என்ற சொல்லை எத்தனையோ முறை வாய்கூசாமல் சொன்னவள்தான். அது ஒரு மூன்றாம் மாடி அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், பொத்தான் தைத்துக் காய்ப்பேறிய விரல்களோடு உட்கார்ந்திருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கையிலிருந்த புத்தகம் வெறும் காகிதமாகக் கனத்தது.

பிறகு எல்லோரும் நிறுத்தினார்கள். ஒரு வரி பாக்கி இருந்தது. அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெட்டியைப் பார்த்தார்கள்.

மகளும் பார்த்தாள். வேலைவிட்டு வந்ததும் அம்மா யாருக்கும் பரிமாற மாட்டாள். கையைக் கழுவிக்கொண்டு, தட்டை எடுத்துப் போட்டு, முதலில் தான் சாப்பிடுவாள். அப்பா கூடத்தில் செருமுவார். அம்மா கடைசிக் கவளம்வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

"அவளுக்குப் பசித்தது," என்றாள் மகள். "உட்கார்ந்து சாப்பிட்டாள்."

பட்டனக்கா இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

சுடர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடிப்பு இல்லை, நிஜக் கண்ணீர். "இத நானா எழுதினேன்!" என்றார். புத்தகத்தை வாங்கிக்கொள்ளாமலே படியிறங்கிப் போனார். புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடினார்.

மகள் பட்டனக்காவின் அருகில் குனிந்தாள். "அக்கா, புக்குல நிஜமா என்ன இருக்குன்னு இவங்களுக்கு..."

"தெரியாதா? நாலெழுத்து எங்களுக்கும் தெரியும் பாப்பா. அதுல அவ ஆத்துல விழறா." பட்டனக்கா நாற்பது தாண்டிய பாப்பாவின் கன்னத்தைத் தட்டினாள். "அவ ஆத்துல விழறதக் கேக்கறதுக்கா உங்கம்மா பங்கு பட்டனையும் சேத்துத் தச்சோம்? மொத நாள் உங்கம்மா அந்த எடத்துல வந்து நிறுத்திட்டா. 'இதுக்கு மேல என்னால படிக்க முடியாது, நீங்க சொல்லுங்கடி'ன்னா. சொன்னோம். அவ்வளவுதான்."

கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்க நான்கு ஆட்கள் ஏறி வந்தார்கள். பெண்கள் வழிவிட்டு, ஒவ்வொருத்தியாகப் படியிறங்கினார்கள். மாடிப்படியில் பேச்சுக்குரல் நன்றாக எதிரொலிக்கும்.

மகள் படித்தது சுமார்தான், அவளுக்கு அம்மாவின் ஏற்ற இறக்கம் வரவில்லை என்பதே பொதுவான அபிப்பிராயமாக இருந்தது.