இரண்டெழுத்துச் சொல்

கஞ்சி என்றால் அந்தச் சலவை ஆலையில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. ஆஸ்பத்திரிகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் கோட்டுகளுக்குக் கஞ்சி போடும் பிரிவு அவன் கையில் இருந்தது. கழுத்தையும் அதே கஞ்சியில் முக்கி எடுத்ததுபோல விறைப்பாக வைத்திருப்பான். சூப்பர்வைசர் வேலை காலியாகப் போகிறது, அது தனக்குத்தான் என்று மனசுக்குள் பட்டாபிஷேகமே நடத்தி முடித்திருந்தான். ஆனால் ஆலையில் எல்லார் வாயிலும் அடிபட்டது அவன் மாப்பிள்ளையின், அதாவது அவன் மனைவியுடைய தம்பியின் பெயர்.

வயிறு எரியாதா மனுஷனுக்கு? அந்தப் பயலைக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டதே கஞ்சிதான். வந்தவனோ மெஷின் நின்றால் முதலில் ஓடுவான், ஆள் குறைந்தால் சமாளிப்பான், மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவர்களையும் சிரிக்க வைத்துவிடுவான். ஓய்வு பெறப்போகும் மேலாளர் அம்மாவே, "தம்பி, தம்பி" என்று அவனிடம் உருகினார்.

அந்த நேரம் பார்த்து நிர்வாகம் ஒரு பயிற்சி வைத்தது. பிரிவுத் தலைவர்களை உட்காரவைத்து ஒரு பெண் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிப் பேசினாள்.

"சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் வரும்னு நினைக்காதீங்க. பெரியவங்க எத்தனையோ பேர் மறைச்சு மறைச்சே வாழ்றாங்க. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. படிக்கக் குடுத்தா கண்ணாடிய மறந்துட்டேம்பாங்க. எழுதும்போது எழுத்து இடம் மாறும். இடது எது வலது எதுன்னு குழம்புவாங்க. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, மனப்பாடம் பண்ணிக்கிட்டு, தானே படிக்கிற மாதிரி காட்டிக்குவாங்க. அவசரப்படுத்தினா, நாலு பேர் பார்த்தா, இன்னும் தடுமாறுவாங்க. அப்படி யாராவது உங்ககிட்ட இருந்தா, கூச்சப்படுத்தாம உதவி செய்யுங்க."

கேட்கக் கேட்கக் கஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தான். அடடே! கண்ணாடியே போடாத பயல் அல்லவா கண்ணாடியை மறந்துவிட்டேன் என்கிறான்! இடது வால்வைத் திற என்றால் கையிலுள்ள தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறான். ஒருநாள் தள்ளுவண்டியில் 'அவசர சேவை' என்று எழுதச் சொன்னதற்கு, 'அவசர வேசை' என்று சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருந்தான். யாரும் பார்ப்பதற்குள் கஞ்சியே கையால் அழித்தான். "அத்தான், வெளியில சொல்லிடாதீங்க, மானம் போயிடும்" என்று மாப்பிள்ளை கெஞ்சினான். அன்றைக்குப் பாவமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை.

உதவி செய்யுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாளே, அது மட்டும் இவன் காதில் ஏறவில்லை.

மேலாளர் அம்மாவின் வழியனுப்பு விழாவில் வாழ்த்துரையை மாப்பிள்ளை வாசிக்கட்டும் என்று எடுத்துக் கொடுத்தவன் கஞ்சிதான். "நான் எழுதித் தர்றேன், நீ வாசி மாப்ள. அடுத்த சூப்பர்வைசர் யாருன்னு எல்லாரும் பார்க்கட்டும்." எவ்வளவு பாசம் பாருங்கள்! மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துப்போயிற்று. இருந்தாலும் அத்தான் பேச்சைத் தட்டத் தெரியாதவன். தாளை அக்காவிடம் கொண்டுவந்தான். அவள் காய் நறுக்கிக்கொண்டே வாசித்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து நெட்டுருப் போட்டான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்கு ஆனதும் அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த அறையில் கஞ்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

விழா அன்று துணி மடிக்கும் கூடத்தில் மேசைகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மேலாளர் அம்மா, பக்கத்தில் மகள்கள், மருமகன், சம்பந்திகள். மாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டார்கள். படியருகே நின்ற கஞ்சி அவன் கையிலிருந்த தாளை உருவிவிட்டு வேறொன்றைத் திணித்தான்.

"அத்தான், இது வேற மாதிரி இருக்கே?"

"ஆபீஸ்ல மாத்திட்டாங்க மாப்ள. அவங்க கையில நகல் இருக்கு, வரிக்கு வரி பார்ப்பாங்க. சும்மா பார்த்துப் படி. போ, போ, காத்துக்கிட்டிருக்காங்க."

மாப்பிள்ளை மைக் முன்னால் நின்றான்.

"அனைவருக்கும்... வக்கணம்."

கூடம் சிரித்தது. வேண்டுமென்றே கிண்டல் செய்கிறான் என்று நினைத்தார்கள். "பிணி ஓய்வு பெறும்" என்றான். இன்னும் சிரித்தார்கள். "நமக்கெல்லாம் வலி காட்டிய" என்றபோது மேலாளர் அம்மாவின் முகம் சுருங்கியது. எழுத்துகள் அவனுக்கு அடங்கவே இல்லை.

"அம்மையாரின்... வேசை... இந்த ஆலை உள்ளவரை பேசப்படும்."

பின்வரிசையில் யாரோ அடக்கமாட்டாமல் கெக்கலித்தார்கள். மேலாளர் அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மருமகன் மேடையேறி ஒரே அறை விட்டான்.

"குடிச்சிட்டா வந்திருக்க நாயே?"

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன் கன்னத்தைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தான். எனக்குப் படிக்க வராது என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆமா சார்" என்றான். "குடிச்சிருக்கேன்."

கஞ்சி ஓடிவந்து கும்பிட்டான். "மன்னிச்சிடுங்க, எங்க வீட்டுப் பையன், நான் கண்டிக்கிறேன்." பாவி, கண்கூடக் கலங்கியது.

வீட்டில் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் வாசிச்சதுல சேவைங்கிற வார்த்தையே இல்லையே. ரெண்டாவதை யாரு எழுதினது?"

"ஆபீஸ்ல."

அதன் பிறகு அவள் அவனோடு பேசவே இல்லை.

சூப்பர்வைசர் வேலை கஞ்சிக்கே கிடைத்தது. புது மேலாளர் முதலில் கொடுத்த வேலை, மாப்பிள்ளையை நீக்கும் உத்தரவை எழுதி, சாட்சிகள் முன் அவனுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது. கண்ணாடி அறையில் இரண்டு சாட்சிகள் நிற்க, கஞ்சி வாசித்தான். மது அருந்தி, மேலாளரை இழிவுபடுத்தி, ஆலையின் நற்பெயருக்கு என்று எங்கும் தடுக்காமல் ஓடியது. லகர ழகரமெல்லாம் அட்சர சுத்தம்.

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான். எழுந்திருக்கவில்லை.

"நல்லாப் படிக்கிறீங்க அத்தான். இன்னொரு தடவை படிங்க."

"எதுக்குடா?"

"அக்காகிட்ட அப்படியே சொல்லணும். எது நீங்க எழுதினது, எது ஆபீஸ்ல எழுதினதுன்னு காதால கேட்டாலே அவளுக்குத் தெரிஞ்சிடுமாம்."

சாட்சிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சிக்கு வேறு வழியில்லை, மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, ஒரு சொல் விடாமல் மனசில் வாங்கிக்கொண்டான்.