ஒருமுறைகூடச் சுடாத துப்பாக்கி

டெக்சாஸின் அமரில்லோ நகரக் கண்காட்சிக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் அதை மீறியவர் மறுவருடம் அந்த வாசலை மிதித்ததில்லை. மேஜைமேல் படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு ஒருவர் எழுந்து போனால், அவர் திரும்பி வரும்வரை வேறு எந்தக் கையும் அதைத் தொடக்கூடாது.

வெல்டா ஸ்டால்கப்புக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்தச் சனிக்கிழமை மதியம் ஹார்லன் டீக்கின் மேஜை முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

வெல்டாவுக்கு வயது ஐம்பத்தேழு. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். பழைய கவ்பாய் பொம்மைத் துப்பாக்கிகள் சேர்ப்போர் சங்கத்தில் இரண்டு வருடமாக அவள் விருந்தாளிதான். கழிவறை ஓரமாக ஒரு மடக்கு மேஜை கொடுத்திருந்தார்கள். இன்று சாப்பாடு முடிந்ததும் அவளை உறுப்பினராகச் சேர்ப்பதா என்று கேட்பார்கள். எத்தனை பேர் கை தூக்கினாலும் சரி, ஒரே ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் போச்சு.

அவளுக்கு அந்த இடம் வேண்டும். சின்ன வயதில் அண்ணன்கள் இடுப்பில் துப்பாக்கி கட்டிக்கொண்டு சண்டை போடும்போதெல்லாம் அவளுக்கு ஒரே வேஷம், குதிரை. முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடலாம், துப்பாக்கியைத் தொடக்கூடாது. இதை ஒருநாள் வாய்தவறி ஹார்லனிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளைப் பார்த்தாலே, “என்னம்மா குதிரை, புல்லு தின்னாச்சா?” என்றுதான் ஆரம்பிப்பார்.

எல்லோரும் வண்டி நிறுத்தும் இடத்துக்கு அப்பாலிருந்த கொட்டகையில் சில்லி என்கிற மாட்டுக்கறிக் குழம்பு சாப்பிடப் போயிருந்தார்கள். வெல்டா தான் சுட்டு எடுத்துவந்த பீக்கன் பருப்பு கேக்கை மேஜையடியில் மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சொட்... சொட்...

கூரையிலிருந்த ஏசி குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நேராக ஹார்லனின் விரிப்புமேல். துணியின் நடுவில் குளமே கட்டிவிட்டது.

“யாராச்சும் இருக்கீங்களா?” கூடம் எதிரொலித்தது. அவ்வளவுதான்.

மேஜையை நகர்த்தப் பார்த்தாள். விரிப்புக்குள்ளே கலகலவென்று சத்தம். கையை எடுத்துவிட்டாள். அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்பு கீழே விழுந்தால் பிஸ்கட் மாதிரி உடையும். ஓடிப்போய் ஹார்லனைக் கூட்டி வருவதற்குள் துப்பாக்கி செருகும் தோல் உறைகள் ஊறிப்போகும்.

‘போகட்டும். என் மேஜையா?’ என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் விரிப்பைத் தூக்கிவிட்டாள்.

ஒவ்வொன்றாகத் தன் மேஜைக்குக் கொண்டுபோனாள். தோல் உறைகளைத் தன் ஸ்வெட்டரால் ஒற்றினாள். கடைசியாக எடுத்தது, ஹார்லன் யாரையும் தொடவே விடாத அந்த நிக்கல் பூச்சுத் துப்பாக்கி. கைப்பிடியில் மாட்டுத்தலை. பக்கத்தில் அவர் கையால் எழுதிய அட்டை: ‘ஒருமுறைகூடச் சுடாதது’. டெக்சாஸ் முழுக்க அப்படி இன்னொன்று கிடையாது என்று அவர் அடிக்கடி சொல்லுவார்.

உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. துடைப்பதற்காகப் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். சுத்தியல் வந்து அடிக்கிற இடத்தில் கரேலென்று புகைக்கறை. ரோல் கேப் வெடிச்சுருளின் சிவப்புக் காகிதத் துணுக்கு ஒன்று, ஈரத்தில் உப்பி ஒட்டிக்கொண்டிருந்தது.

இது சுட்ட துப்பாக்கி!

“அடிப்பாவி!”

வாசலில் ஹார்லன். பின்னால் சங்கத் தலைவர் ஓடெல் பக்னர். அவருக்குப் பின்னால் வாயில் சோளரொட்டியோடு மற்றவர்கள்.

“ஹார்லன், மேல பாருங்க, தண்ணி...”

“தண்ணியா இருந்தா என்ன, நெருப்பா இருந்தா என்ன? வந்து கூப்பிட வேண்டியதுதானே! யார கேட்டுத் துணியத் தூக்குன?”

“கூப்பிட வந்திருந்தா உங்க தோல் உறையெல்லாம் கொழகொழன்னு ஆயிருக்கும்.”

“ஆகட்டும்! என்னோடது, என் பாடு!”

ஓடெல் கூரையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். “வெல்டாம்மா, நீ பண்ணது நல்ல காரியந்தான். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. ஹார்லன், நீதான் சொல்லணும். இவளச் சேக்க ஆட்சேபணை உண்டா?”

நிக்கல் துப்பாக்கி இன்னும் வெல்டாவின் கையில்தான், மூடி திறந்தபடி. அதைத் தூக்கிக் காட்டினால் போதும். இத்தனை வருடப் பெருமையும் காற்றுப்போன டயர் மாதிரி உட்கார்ந்துவிடும். அவள் ஹார்லனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் அந்த மூடிமேலேயே இருந்தது. காது மடல் சிவந்துபோயிருந்தது.

வெல்டா கட்டைவிரலால் மூடியை அழுத்திச் சாத்தி, துப்பாக்கியை அவர் கையில் வைத்தாள்.

“உள்ள ஈரம் இருக்கு. வீட்டுக்குப் போய்த் தொறந்து காயவைங்க. இங்க வேணாம்.” சொல்லிவிட்டுத் தன் பொருட்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

“யோவ் ஹார்லன், உன்னத்தான் கேக்குறேன். உண்டா, இல்லையா?”

ஹார்லன் தொண்டையைச் செருமினார். பிறகு எல்லோரும் பார்க்க, ‘டக்’கென்று மூடியைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

“சுட்டுட்டேன்யா.”

“என்னது?”

“போன ஏப்ரல்ல டாக்டர் சொன்னாரு, கட்டி சுத்தமாக் கரைஞ்சிருச்சின்னு. வீட்டுக்கு வந்தேன். பொண்டாட்டி வேலைக்குப் போயிட்டா. இத யார்கிட்ட சொல்றது? கையில ஆம்புட்டது இதுதான். கொல்லைப்புறம் நின்னு ஒரு ரோல் முழுக்கச் சுட்டேன். நாய் ஒரு வாரம் என் பக்கமே வரல.” அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். “இந்தம்மா இதப் பாத்தாச்சு. பாத்தும் மூடிக் குடுத்தா. அவமேல எனக்கு என்னய்யா ஆட்சேபணை?”

ஓடெல் காதைச் சொறிந்தார்.

“என்னோட கறுப்புக் கைப்பிடித் துப்பாக்கி இருக்கே... பேத்தி பொறந்தன்னைக்கு. ரெண்டே ரெண்டு வெடி.”

“ரெண்டா? நான் பொட்டியையே காலி பண்ணேன்!” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

பிறகு யார் பேசுவது யார் சிரிப்பது என்றே தெரியவில்லை. அந்த இரைச்சலிலேயே கைகள் உயர்ந்தன. எண்ணக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

“உன்னோடது எப்ப சுட்ட?” என்று ஹார்லன் கேட்டார்.

“நானா? நான் ஒருவாட்டிகூடச் சுட்டதில்ல. முதல்ல அண்ணனுங்க விடல. அப்புறம் சேக்க ஆரம்பிச்சேன். சுட்டா துரு ஏறும்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க?”

ஹார்லன் சட்டென்று திரும்பினார். “ஓடெல், உன் வண்டில ரோல் கேப் இருக்கா?”

எல்லோரும் வெயிலில் வண்டிகளுக்கு நடுவே போய் நின்றார்கள். வெல்டா தன் சின்னத் துப்பாக்கியில் சிவப்புச் சுருளை மாட்டினாள்.

“அப்புறம் துடைக்க நான் சொல்லித் தரேன், பயப்படாத,” என்றார் ஹார்லன். “இன்னைக்கு நான்தான் குதிரை. முதுகுல மட்டும் ஏறிடாதம்மா, டிஸ்க் போயிருக்கு.”

பட்!

வெடிமருந்து வாசனை மூக்கில் ஏறியது. வெல்டா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி விசையை அழுத்தினாள்.