கல்மரக் காட்டில் ஒரு 'ஏங்க'

லண்டன்காரர் ஒருவர் எங்கள் வீட்டு விளையாட்டுக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டிருந்தார். 'இருட்டிலிருந்து ஒரு பெண்குரல் எங்கே, எங்கே என்று கேட்டபடியே இருக்கிறது. மனித குலத்தின் ஆதிக் கேள்வி அது' என்று விமர்சனத்தில் எழுதியிருந்தார். ஆதிக் கேள்வியாவது, மண்ணாங்கட்டியாவது! என் புருஷனைச் சாப்பிடச் சொல்லி நான் கூப்பிட்ட சத்தம் அது.

அவர் பெயர் வல்லரசு. புருஷன் பெயரை எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது என்று வளர்த்த வீடு என்னுடையது. அதனால் எனக்கு அவர் 'ஏங்க'தான். சென்னை வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்து, மாடி அறை ஜன்னல்களைப் போர்வையால் மூடி, 'கல்மரம்' என்ற இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்ய உட்கார்ந்தார். மூன்று வருஷம் உட்கார்ந்தே இருந்தார். என் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. நான் இங்கிலீஷ் டீச்சர்.

திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன அல்லவா, விளையாட்டில் அப்படி ஒரு காடு. திரை முழுக்கச் சாம்பல் நிறப் பனி. முகமில்லாத சின்ன மனிதன் ஒருவன் நடந்துகொண்டே இருப்பான். கல்மரத்தை உருட்டிப் படியாக்கி ஏற வேண்டும், பள்ளம் தாண்ட வேண்டும். குளத்து நிலா கரையேறி வந்து அவனோடு கொஞ்ச தூரம் நடக்கும். பின்னாலிருந்து ஒருத்தி கூப்பிடுவாள். திரும்பினால் கால் முதல் தலை வரை கல்லாகிவிடுவான். திரும்பாமல் காட்டைக் கடந்தால் ஜெயம்.

அந்தக் குரலுக்காக, வெளிச்சத்தம் புகாமலிருக்க என்னைக் கம்பளிக்குள் உட்கார வைத்து, பேய் மாதிரி கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்தார். கோளாறு பிறகுதான் வந்தது. திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளை எழுதும் வேலையைப் புதுச்சேரி நண்பர் இருதயராஜிடம் கொடுத்தார். தமிழ் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினார். அந்த எழுத்தில் 'ஏங்க'வும் 'எங்க'வும் ஒன்றுதான். இருதயராஜ் அதை 'எங்கே?' என்று மொழிபெயர்த்துவிட்டார். வீட்டில் இங்கிலீஷ் டீச்சர் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஒன்பது மதிப்பெண்ணுக்குப் பிறகு ஊர் உலகமெல்லாம் எழுதியது. 'எங்கே என்று கேட்பது மரணம்' என்றார் ஒருவர். 'இல்லை, காடுதான் கேட்கிறது' என்றார் இன்னொருவர். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருதயராஜ் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, நீ வாயே தொறக்காத. அந்தத் தப்புதான் நமக்குப் பேரு வாங்கிக் குடுத்துக்கினு இருக்குது. வெளிய சொன்னா பேஜாராயிடும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தபோது ஹெட்போனை மாட்டிக்கொண்டு நானே விளையாடிப் பார்த்தேன். பனிக்குள் போகப் போக வெயிலும் தெருவும் மறந்துபோயின. என் கைவிரலும் அந்தச் சாம்பல் நிறமாகிவிட்டதாகத் தோன்றியது. அப்போது குரல் வந்தது. "ஏங்க..." அதன் பின்னால் குக்கர் விசில். கம்பளிக்குள் ஏது குக்கர்? இன்னும் நடந்தேன். "ஏங்க, சோறு ஆறுது." அடுத்த பள்ளத்தில் கரகரத்த குரல். நான் காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டது. அன்று நானே எழுந்து போய்க் குடித்தேன்.

அவர் வந்ததும் கேட்டேன். "இதெல்லாம் எப்ப எடுத்தீங்க?"

"மைக்கு ஓடிக்கினே இருந்துச்சு பானு. கம்பளிக்குள்ள நீ பேசினது நடிப்பா இருந்துச்சு. இதுதான் நெஜமா இருந்துச்சு."

"மைக்குக்குக் கேட்டுச்சு, சரி. உங்களுக்கு?"

தரையைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுச்சு."

"நான் கூப்பிட்டுத் திரும்பினா கல்லாயிடுவீங்களா? இனிமே கூப்பிட மாட்டேன். சாமி சத்தியமா கூப்பிட மாட்டேன்!"

கூப்பிடவில்லை. தட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்குள்ளும் அந்தப் பனி இறங்கிவிட்டது போலிருந்தது. என் சத்தம் இல்லாததும் அவருக்கு உறைக்காவிட்டால் வானூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து, துணிகளைக்கூட மடித்து வைத்தேன்.

அந்த வாரமே லண்டன்காரர் அவரைக் கம்ப்யூட்டரில் பேட்டி எடுத்தார். நான் தட்டோடு மாடிக்குப் போனபோது, முதுகைக் காட்டிக்கொண்டு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரிலும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்த 'எங்கே'வுக்கு என்ன பொருள் என்று லண்டன்காரர் கேட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இவர் தன் உடைந்த இங்கிலீஷில் சொன்னார்: "அது எங்கே இல்லை. மொழிபெயர்ப்புத் தவறு. அது என் மனைவி. சாப்பிடக் கூப்பிடுகிறாள். எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை."

பிறகு லண்டன்காரர் கேட்டார், "அப்படியானால் திரும்பினால் ஏன் கல்லாகிறான்?"

"அங்கேதான் நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். திரும்பாததால்தான் அவன் கல்."

சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துத் திரும்பினார். நான் கூப்பிடவே இல்லை. கண் கலங்கியிருந்தது அவருக்கு. எனக்கும்தான். தட்டை அவர் கையிலேயே கொடுத்தேன்.

விளையாட்டை மாற்றினார். இப்போது திரும்புகிறவனுக்குத்தான் காட்டில் வழி திறக்கும். 'ஏங்க'வுக்கு ஆங்கிலத்தில் சரியான வார்த்தை கிடைக்காமல், நான்தான் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விடச் சொன்னேன். லண்டன்காரர் மறுபடி விளையாடிப் பார்த்து ஆறு மதிப்பெண் போட்டார். 'திகில் போய்விட்டது. அவன் இப்போது வெறுமனே வீட்டுக்குப் போகிறான். இது ஒரு முடிவா?' என்று எழுதியிருந்தார்.

"வீட்டுக்கு வர்றதுக்கு இன்னாய்யா கொறைச்சல்?" என்று நான் திரையைப் பார்த்துக் கத்தினேன்.